ஊசி தொட்ட பல்

ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு அருகே மேட்டுப்பாளையத்தில் ஒரு பம்பு கம்பெனியில் முப்பது வருஷம் தரம் பார்க்கும் வேலையில் இருந்தவர் பலராமன். ஒரு பொருளைக் கையில் எடுத்தால் அதில் குறை எங்கே இருக்கிறது என்றுதான் அவர் கண் முதலில் போகும். குறை எதுவும் அகப்படவில்லை என்றால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கண்ணுக்கு வேலை இல்லாமல் போனது. கொஞ்ச நாள் பக்கத்து வீட்டுச் சுவரில் விரிசல் கண்டுபிடித்தார், பால்காரனிடம் தண்ணீர் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகுதான் அவருக்குப் பல் பைத்தியம் பிடித்தது.

பல் என்றால் சுறாப் பல். அதுவும் நேற்றுச் செத்த சுறாவின் பல் இல்லை. மனுஷ ஜாதி தலையெடுப்பதற்கு எத்தனையோ லட்சம் வருஷம் முன்னால், இந்தப் பக்கமெல்லாம் கடலாகக் கிடந்த காலத்தில் நீந்தித் திரிந்த சுறாக்களின் பல். சுறாவுக்கு உடம்பெல்லாம் குருத்தெலும்பு, செத்தால் ஒன்றும் மிஞ்சாது. பல் மட்டும் கல்லாகிக் கிடக்கும். மேற்கே மண்ணுக்கடியில் கிடக்கும் பழைய படிவங்களைச் சங்கராபரணி ஆறு அரித்துக்கொண்டு வருகிறது, மழைக்காலம் முடிந்து வெள்ளம் வடிந்தால் அதன் கிளையான அரியாங்குப்பம் ஆற்றின் ஓரச் சேற்றில் அவை அகப்படும் என்பது பலராமனின் குழு வைத்திருந்த நம்பிக்கை. அகப்படவும் செய்தன, பத்துச் சல்லடைக்கு ஒன்று என்ற கணக்கில்.

குழு என்றால் மாநாடு கூட்டும் அளவுக்கு இல்லை, நாலே பேர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கும் தனிஸ்லாஸ் ஒருவர். அப்படிப்பட்டவர்களை ஊரில் சொல்தா என்பார்கள். அவரோ எல்லாரையும் பிரெஞ்சு மரியாதைப்படி முசே என்பார். இன்னொருவன் செல்வகுமார், கம்பெனியில் பலராமனிடம் வேலை பழகியவன், இன்னும் அவர் எதிரில் உட்காரத் தயங்குகிறவன். கடைசியாகப் போன வருஷம் வந்து சேர்ந்தவள் நிர்மலா. இன்சூரன்ஸ் பாலிசி பிடிக்கிறவள், வேண்டாம் என்று சொன்ன வாசலுக்கே மறுநாளும் போய் நிற்பது அவள் தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் தண்ணீர் இறங்கும் நேரம் பார்த்துச் சல்லடையும் மண்வெட்டியுமாக இவர்கள் பாலத்துக்குக் கீழே இறங்குவார்கள். அகப்பட்டது எதுவானாலும் கடைசியில் பலராமனின் உள்ளங்கைக்கு வந்தாக வேண்டும். இது புலிச்சுறா, இது கொம்பன் சுறா, இது தாடையின் ஓரத்துப் பல், இது திருக்கையின் அரைக்கும் பல், இது வெறும் கிளிஞ்சல், தூக்கிப் போடு என்று அவர் பிரித்துக் கொடுப்பார்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பெரிய மார்க்கெட்டில் அறுக்கிற சுறாவின் தலையும் தாடையும் வாய்க்காலோடு போய் எப்படியோ ஆற்றில்தான் சேருகின்றன. நாலைந்து வருஷம் கருஞ்சேற்றில் ஊறினால் போதும், நேற்றைய பல்லும் லட்சம் வருஷத்துப் பல்லைப் போலக் கறுத்து மினுக்கும். கண்ணை நம்ப முடியாது. அதற்குத்தான் ஊசி. தையல் ஊசியைக் குறட்டில் பிடித்து லைட்டர் தீயில் சிவக்கக் காய்ச்சி, பல்லின் வேர்ப் பக்கத்தில் ஒரு தொடு தொட வேண்டும். புதுப் பல்லாக இருந்தால் முடி கருகுகிற நாற்றம் வரும். கல்லான பல்லில் ஒன்றும் வராது. சேற்றில் ஊறிய பல்லில் வருகிற நாற்றமும் மெல்லிய நாற்றம், கிட்டே நின்றால் லேசாகத் தெரியும், மூக்கை ஒட்டிப் பிடித்தால்தான் நிச்சயம். அந்த மூக்கு பலராமனுடையது. அவர் மோந்து பழசு என்றால் பழசு, புதுசு என்றால் புதுசு. மறுபேச்சு கிடையாது.

அந்த மூக்கு செத்து நாலு வருஷம் ஆகிறது. இது பலராமனைத் தவிர உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

கொரோனா இரண்டாம் அலையில் படுத்து எழுந்தார். எழுந்த மாதமே, ஊரடங்கு லேசாகத் தளர்ந்ததும், பொறுக்க மாட்டாமல் தனியாக ஆற்றுக்குப் போனார். அன்றைக்கு அகப்பட்டது அவர் ஆயுளின் பெரிய பல், கட்டைவிரல் நீளம், ரம்பம் வைத்தாற்போல விளிம்பு. மொட்டை மாடியில் வைத்து ஊசி போட்டார். மோந்தார். ஒரு நாற்றமும் இல்லை. துள்ளாத குறையாகக் கீழே இறங்கி வந்து, ஊசி போட்டாச்சு, சுத்தமான பழசு என்று குழுவுக்குப் படத்தோடு அனுப்பினார். அதற்கு அடுத்த வாரம்தான், அவர் அடுப்புக்கு எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்க, பால் பொங்கி வற்றித் தீய்ந்து பாத்திரம் கருகியது. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி அன்னக்கிளி நாற்றம் பிடித்து ஓடிவந்து அடுப்பை அணைத்தாள், பேப்பரில் மூழ்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள். பலராமன் அன்றைக்குக் கற்பூரத்தை மோந்து பார்த்தார். தைலத்தை மோந்து பார்த்தார். செருப்பை மோந்து பார்த்தார். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. அப்போதுதான் மாடியில் போட்ட ஊசியின் யோக்கியதை அவருக்கு உறைத்தது.

வந்துவிடும், வந்துவிடும் என்று ஆறு மாதம் ஓட்டினார். அதற்குள் குழு மறுபடி கூடி அவர் கையில் ஊசியைக் கொடுத்துவிட்டது. மூக்கு போச்சு என்று சொன்னால் அந்தக் குழுவில் அவருக்கு என்ன இருக்கிறது? மண்வெட்டி பிடிக்கச் செல்வகுமார் போதும். ஆகவே அவர் வேறொரு வழி கண்டுபிடித்தார். ஊசியை வைத்ததும் தன் மூக்கை நம்பாமல் சுற்றி நிற்கிறவர்களின் மூக்கைப் பார்ப்பார். யாராவது மூக்கைச் சுளித்தால் புதுசு. சுளிக்காவிட்டால் பழசு. இப்படி முகம் பார்த்தே நாலு வருஷம் தீர்ப்புச் சொன்னார். ஒருமுறை செல்வகுமார் எடுத்த அழகான பல் ஒன்றை, அவனே லேசாக மூக்கைச் சுருக்கினான் என்பதற்காக, மார்க்கெட் குப்பை என்றுவிட்டார். அவன் வெட்கப்பட்டு அதைப் பாலத்தின் மேலிருந்து ஆற்றில் வீசினான். அன்றைக்கு அவனுக்குச் சளி என்று பிறகுதான் தெரிந்தது. தெரிந்தும் பலராமன் வாயைத் திறக்கவில்லை.

வீட்டிலாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அன்னக்கிளியும் செல்வகுமார் பொண்டாட்டியும் ஒரே மகளிர் குழு. இவளிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் அங்கே போய்விடும். சொல்லாமல் இருந்ததோடு நிறுத்தினாரா என்றால் அதுவும் இல்லை. அன்னக்கிளியின் மீன் குழம்பு அவர்கள் சொந்தத்தில் பேர் போனது. எந்த வீட்டு விசேஷமானாலும் மறுநாள் கறிவிருந்துக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் குழம்பு இப்போது பலராமனின் வாயில் உப்பும் புளிப்புமாக மட்டும் இறங்கியது. சப்பென்று கிடக்குது, வர வர உனக்குச் சமைக்கவே வரவில்லை என்று தினம் ஒரு பாட்டு பாடினார். அவள் மிளகாய்த்தூள் மில்லை மாற்றினாள். மீன்காரியை மாற்றினாள். மிக்ஸியை விட்டுவிட்டு அம்மியில் அரைத்தாள். ஒன்றுக்கும் அவர் மசியவில்லை. கடைசியில் அவள் அண்ணன் மகன் செம்மலின் நிச்சயதார்த்தத்துக்கு மறுநாள், கறிவிருந்துப் பந்தியில் அத்தனை பேர் பார்க்க, இவளுக்குக் கைப்பக்குவம் போச்சு என்று சொல்லி இலையை மூடிவிட்டு எழுந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களும் ஒரு தினுசாகத் தங்கள் இலையைப் பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவளை யாரும் கூப்பிடவில்லை. அவளுக்கே தன் கையின் மேல் சந்தேகம் வந்து, இப்போதெல்லாம் மதியச் சாப்பாடு மெஸ்ஸிலிருந்து வருகிறது. புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வது சிலிண்டர் வந்ததா, கரண்டு பில் கட்டியாச்சா என்ற அளவோடு சரி.

இந்த நிலைமையில்தான் ஊரில் ஒரு கல்லூரி, இந்த ஆற்றில் கிடைத்தவற்றைத் தன் வாசல் கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைக்க ஒப்புக்கொண்டது. நடுவில் ஒரே ஒரு பல், கீழே எடுத்தவர் பெயர். திங்கட்கிழமை காலை பேராசிரியர் வந்து வாங்கிக்கொள்வார். நடுவில் வைப்பது பலராமனின் பல்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, வியாழக்கிழமை வரை. வியாழக்கிழமை நிர்மலா, ஒரு பாலிசிக்காரரைப் பார்க்க அரியாங்குப்பம் போன வழியில் ஆற்றோரம் இறங்கி, அவருடையதைவிட ஒரு விரற்கடை பெரிய பல்லை எடுத்துவிட்டாள்.

பலராமனுக்கு அவளை முதல் நாளிலிருந்தே ஆகாது. அவர் ஒன்றைச் சொன்னால் மற்றவர்கள் தலையாட்டுவார்கள். இவள் மட்டும் எப்படித் தெரியும் சார் என்பாள். அவளுக்கும் அவரை ஆகாது. அவள் முதன்முதலில் எடுத்து ஆசையாகக் கொண்டுவந்ததை ஒரு நொடி பார்த்துவிட்டு முதுகுக்குப் பின்னால் வீசியவர் அவர். படத்தைப் பார்த்ததுமே பலராமனின் கண் சொன்னது, இது பழசு, நல்ல பழசு. வயிறு எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஊசி போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேச்சு என்று குழுவில் எழுதிப் போட்டார். தாராளமா போடுங்க சார் என்று அவள் பதில் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர்தான் முதலில் போனார். பாலத்துக்குக் கீழே, அலையாத்திப் புதர் ஓரமாக நிழல் விழுந்த இடத்தில், புதருக்கு முதுகைக் காட்டிச் சட்டமாக உட்கார்ந்துகொண்டார். மற்ற மூவரும் சேர்ந்து வந்தார்கள். வந்தவர்கள் பத்தடி தள்ளியே நின்றுவிட்டார்கள். என்ன அங்கேயே நின்றுகொண்டு, கிட்டே வாங்க என்று அதட்டினார். செல்வகுமார் ஏதோ சொல்ல வாயெடுத்து, சாரிடம் எப்படிச் சொல்வது என்று விழுங்கிவிட்டான். தயங்கித் தயங்கி வந்து சுற்றி நின்றார்கள். தன் மேல் உள்ள பயம் என்று பலராமன் எடுத்துக்கொண்டார்.

நிர்மலா பல்லைக் கொடுத்தாள். அவர் லைட்டரைப் பற்றவைத்து ஊசியைக் காய்ச்சினார். அது வரைக்கும் அவர் கண் ஊசியை விட்டு நகரவில்லை. வேரில் ஊசியை வைத்து, மூக்கருகே கொண்டுபோய், வழக்கம்போல நிமிர்ந்து மூன்று முகங்களையும் பார்த்தார். தனிஸ்லாஸ் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியிருந்தார். செல்வகுமாரின் முகம் வேப்பெண்ணெய் குடித்தவன் முகமாக இருந்தது. நிர்மலாவே முந்தானையை மூக்கில் வைத்திருந்தாள். பலராமனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தன் கண் தப்பாகச் சொல்லிவிட்டது, கடவுள் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்.

"முடி கருகுற நாத்தம். சந்தேகமே இல்ல. மார்க்கெட் குப்பை," என்று சொல்லிப் பல்லை அவள் காலடியில் போட்டார்.

நிர்மலா குனிந்து பல்லை எடுத்துத் துடைத்தாள். முடி நாற்றம் எங்கே வந்தது என்று மற்ற இருவரையும் கேட்டாள். செல்வகுமார் தனிஸ்லாஸைப் பார்த்தான். கடைசியில் தனிஸ்லாஸ்தான் கைக்குட்டையை எடுக்காமலே சொன்னார்.

"முசே, ஒங்க முதுகுக்குப் பின்னாடி நாய் ஒண்ணு செத்து ஊதிக் கெடக்குது. வந்ததுலேருந்து எங்களுக்குக் கொடல புடுங்குது. இந்த நாத்தத்துல ஒங்களுக்கு முடி எப்படித் தெரிஞ்சிச்சி?"

பலராமன் திரும்பிப் பார்த்தார். புதரின் வேருக்கிடையில் அது கிடந்தது, அவர் முதுகிலிருந்து ஒரு முழம் தள்ளி. ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. எழுந்து தள்ளி நின்றார். நாய் நாற்றம் வேறு, முடி நாற்றம் வேறு, பழகின மூக்குக்கு இரண்டும் தனித்தனியாகத் தெரியும் என்று சமாளித்தார். பேச்சில் குறை இல்லை, குரல்தான் கொஞ்சம் இறங்கிவிட்டது. பாலிசி வேண்டாம் என்று சொல்கிறவர்களின் குரலைக் கேட்டுக் கேட்டுப் பழகிய நிர்மலாவுக்கு அது போதும். அப்படியானால் மேலே காற்றாட இருக்கிற டீக்கடைக்குப் போய் இன்னொரு தரம் பார்த்துவிடலாம் சார், அதற்கென்ன என்றாள். தான் காலையில் ஒப்பிட்டுப் பார்க்கவென்று மார்க்கெட்டில் சுறாத் தலை வாங்கி ஒரு பல் பிடுங்கி வைத்திருப்பதாகவும், கண்ணை மூடிக்கொண்டு எது எதென்று அவர் சொல்லிவிட்டால் அவர் மூக்கை ஒப்புக்கொண்டு தன் பல்லை ஆற்றிலேயே போட்டுவிடுவதாகவும் சொன்னாள். செல்வகுமார், சார் சொல்லிடுவாரு என்றான். அவன் விசுவாசத்தில்தான் சொன்னான். அதற்குப் பிறகு பலராமனால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

டீக்கடைக்குப் பின்னால் கடல்காற்று நன்றாக வந்தது. பலராமன் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடினார். மூடிய பிறகுதான், தான் எவ்வளவு பெரிய ஆபத்தில் மாட்டிக்கொண்டோம் என்று அவருக்குப் புரிந்தது. இனிமேல் முகம் இல்லை. லைட்டர் கிளிக்கென்றது. மூக்குக்குக் கீழே ஏதோ ஒரு சூடு வந்து நின்றது. இழுத்து மோந்தார். ஒன்றும் இல்லை, சூடு மட்டும்தான். தலையா பூவா போடுகிற கதைதான். முதலில் தன் பல்லைத்தான் வைப்பாள் என்று கணக்குப் போட்டார்.

"பழசு," என்றார்.

மறுபடி லைட்டர். மறுபடி சூடு. இந்தத் தரம் அவர் கொஞ்சம் தைரியமாகவே முகத்தைச் சுளித்து, இதுதான் புதுசு, குப்பென்று வருகிறது என்றார். அப்படியானால் அவள் பல் பழசு என்று தன் வாயாலேயே சொல்லியாயிற்று என்பது அதற்கப்புறம்தான் அவருக்கு உறைத்தது. சரி, போனால் போகட்டும், மூக்காவது தப்பித்தது என்று ஆறுதல் பட்டுக்கொண்டு கண்ணைத் திறந்தார். மூன்று பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு தரமும் ஒரே பல்லுதான் சார் வச்சேன்," என்றாள் நிர்மலா. "காலையில புடுங்கின பல்லு. ரெண்டு தரமும் பொகையே வந்துச்சி."

அவள் கையில் வெள்ளை வெளேரென்று ஒரு பல் இருந்தது. வேரில் இரண்டு கரும்புள்ளி. டீக்கடைக்காரரே கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், முடியை எவன் கொளுத்துகிறான் என்று. செல்வகுமார் குனிந்து அந்தப் புள்ளிகளைப் பார்த்தான். கொரோனாவில் அவன் அம்மாவுக்கும் இப்படி வாசனை தெரியாமல் போய்த் திரும்பி வந்தது. அவனுக்கு விஷயம் பிடிபட அதிக நேரம் ஆகவில்லை. அவன் நிமிர்ந்தபோது முகத்தில் பழைய பணிவு இல்லை.

"எம்பல்ல நீதான ஆத்துல போட வச்ச," என்றான். சார் என்ற சொல் அவன் வாயிலிருந்து அன்றைக்கு விழுந்ததுதான், பிறகு ஏறவே இல்லை.

பலராமன் வாதாடிப் பார்த்தார். இன்றைக்கு மட்டும் சளி, மூக்கு அடைத்துக்கொண்டிருக்கிறது என்றார். யாரும் கேட்கிற நிலையில் இல்லை. இந்த நாலு வருஷத்தில் அவர் பழசு என்று சொன்னவை எத்தனை புதுசு, புதுசு என்று வீசியவை எத்தனை பழசு என்று தனிஸ்லாஸ் தன் பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். முசே, முசே என்று வாய் நிறையக் கூப்பிடுகிற மனிதர், பலராமன் இருக்கிற பக்கமே திரும்பவில்லை. நிர்மலாதான் கேட்க வேண்டியதைக் கேட்டாள். உங்கள் பெரிய பல்லுக்கு யார் சார் மோந்தது?

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு லாஸ்பேட்டை வீட்டுக்கு வந்துவிட்டார். அவர்கள் விடுவார்களா? அரை மணி நேரத்தில் மூவரும் வாசலில் நின்றார்கள். அன்னக்கிளி கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வந்தவர்களை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பலராமன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் முன்னால் பேச வேண்டாம், வெளியே போய்ப் பேசலாம் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் நிர்மலா முந்திக்கொண்டாள்.

"அக்கா, சாருக்கு மூக்கு போயி எத்தினி வருஷமாவுது?"

அன்னக்கிளிக்குப் புரியவில்லை. எந்த மூக்கு என்று கேட்டாள். செல்வகுமார் காலையில் நடந்ததையெல்லாம் சொன்னான், நாயிலிருந்து டீக்கடை வரைக்கும் ஒன்று விடாமல். வாசனையே தெரியாத ஆளு அக்கா, அவரு வாயில எது போட்டாலும் மண்ணுதான், எங்கம்மா அப்படித்தான் சொல்லும் என்றான். அவனுக்கு அந்த வீட்டுக் குழம்புக் கதை தெரியாது. தெரிந்திருந்தாலும் அவன் அன்றைக்கு இருந்த கோபத்துக்கு நிறுத்தியிருக்க மாட்டான். அன்னக்கிளி எப்போதிலிருந்து என்று மட்டும் கேட்டாள். கொரோனாவிலிருந்துதான் இருக்கும் என்றான் அவன். அவள் காலி தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இப்போதே பல்லை எடுங்கள், எங்கள் முன்னால் ஊசி போடுங்கள் என்றாள் நிர்மலா. பலராமன் என் வீட்டில் வந்து அதிகாரம் பண்ணாதே என்று கத்தினார். சரி சார், நாளைக் காலை ஒன்பது மணிக்குப் பேராசிரியரோடு வருகிறோம், அவர் எதிரில் ஊசி போட்டுவிடலாம், பழசு என்றால் நீங்களே நடுவில் இருங்கள் என்று சொல்லிவிட்டு அவள் எழுந்தாள். போகும்போது வாசலில் கிடந்த தன் செருப்பைக்கூட அவள் அவசரமில்லாமல்தான் போட்டாள்.

கதவைச் சாத்திவிட்டு வந்த பலராமன் ஒரு பிரளயத்தை எதிர்பார்த்தார். அன்னக்கிளி கத்துவாள், அழுவாள், அண்ணனுக்குப் போன் போடுவாள் என்று நினைத்தார். அவள் மறுபடி வந்து மடித்த துணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"செம்மல் நிச்சயத்துல நான் வச்ச கொழம்பு எப்படி இருந்துச்சி?" என்று கேட்டாள்.



"தெரியாது," என்றார்.

"தெரியாமத்தான் அத்தினி பேரு முன்னாடி எலைய மூடிட்டு எழுந்த."

முப்பத்திரண்டு வருஷமாக நீங்க, வாங்க என்று பேசியவள். அந்த மாற்றத்தை அவள் கவனித்தாளோ என்னவோ, அவர் கவனித்தார். தன் அண்ணி அன்றைக்கு அடுப்படியில் வந்து, உடம்புக்கு முடியலன்னா வேற ஆளப் பாத்திருப்போமே அன்னம் என்று சொன்னதையும், அதைக் கேட்டுவிட்டுத் தான் கொல்லைப்பக்கம் போய் அந்தக் குழம்பை மறுபடி மறுபடி நக்கிப் பார்த்ததையும், நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றியும் தன் நாக்கைத்தான் நம்பாமல் போனதையும் அவள் நிதானமாகச் சொன்னாள். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயந்து ஜிப்மருக்குப் போய்ச் சீட்டு வாங்கி உட்கார்ந்துவிட்டு, டாக்டரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் திரும்பி வந்ததையும் சொன்னாள். இதெல்லாம் அவருக்குத் தெரியாத சங்கதிகள்.

அந்த நேரத்தில் ஒரு மனுஷன் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அவள் எதிரில் உட்கார்ந்து, தப்புப் பண்ணிட்டேன் அன்னம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பலராமனுக்கு அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அவர் மனம் முழுக்க நாளைக் காலை ஒன்பது மணி. பல் பழசு என்றால் தைரியமாக நிற்கலாம், அத்தனை பேர் முகத்திலும் கரி பூசலாம். புதுசு என்றால் விடிவதற்கு முன் எங்காவது கிளம்பிப் போய்விடலாம். எதுவென்று தெரிந்தால் போதும். அதைத் தெரிந்து சொல்லக்கூடிய மூக்கு அந்த வீட்டில் ஒன்றுதான் இருந்தது.

அவர் பீரோவைத் திறந்து பஞ்சில் வைத்திருந்த பல்லை எடுத்து வந்தார். ஊசியும் குறடும் லைட்டரும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். முடி கருகுற மாதிரி வருதான்னு மட்டும் பாத்துச் சொல்லு என்றார். கேட்கும்போது அவர் குரல் கெஞ்சியது, அவருக்கே அது புதிதாக இருந்தது.

அன்னக்கிளி கொஞ்ச நேரம் அந்தப் பல்லைப் பார்த்தாள். மாட்டேன் என்று சொல்லப் போகிறாள் என்று அவர் பயந்தார். அவள் சொல்லவில்லை. குறட்டை அவளே எடுத்தாள். ஊசியைச் சிவக்கக் காய்ச்சி, வேரில் வைத்து அழுத்தினாள், அவர் வழக்கமாக வைப்பதைவிட நன்றாகவே அழுத்தினாள். பிறகு பல்லை மூக்குக்குக் கீழே பிடித்து, கண்ணை மூடி, நிதானமாக மோந்தாள்.

பலராமன் அவள் முகத்தைப் பார்த்தார். மூக்கைச் சுளிக்கிறாளா, புருவம் நெளிகிறதா, உதடு அசைகிறதா என்று உற்று உற்றுப் பார்த்தார். நாலு வருஷம் பிறத்தியார் முகத்தைப் படித்தே காலம் தள்ளிய மனிதருக்கு, சேர்ந்து வாழ்ந்த பெண்டாட்டியின் முகத்தில் ஒரு எழுத்தும் புரியவில்லை. அவள் கண்ணைத் திறந்தாள்.

"என்னா வருது?" என்றார்.

"தெரிஞ்சிபோச்சி."

"என்னான்னு சொல்லு அன்னம். பழசா, புதுசா?"

அவள் பல்லை அவர் உள்ளங்கையில் வைத்தாள். மடித்த துணிகளை அடுக்கி மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நாலு வருஷம் போவட்டும், சொல்றேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பலராமன் கூடத்தில் தனியாக உட்கார்ந்து பல்லை மூக்கோடு ஒட்டிப் பிடித்தார். நெஞ்சு வலிக்கும் வரைக்கும் இழுத்து மோந்தார். வேர் இன்னும் சுட்டது. மறுபடியும் மோந்தார்.